வலிக்கு என்ன மொழி? கணைய நோயாளிகளுக்காகச் சீனம் பேசும் கேள்வித்தாள்

"எப்படி வலிக்குது?"

மருத்துவர் கேட்கும் மிகச் சாதாரணமான கேள்வி இது. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். 'சுருக்குனு குத்துது' என்பார் ஒருவர். 'விண்ணுவிண்ணுனு தெறிக்குது' என்பார் இன்னொருவர். 'போட்டுப் பிசையுது', 'குடையுது', 'கடுக்குது', 'எரியுது' என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதுமே அனுபவமுள்ள மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இப்போது, ஆங்கிலம் பேசும் நாட்டில் உருவான ஒரு வலிக் கேள்வித்தாளை, ஷாங்காயில் நாள்பட்ட கணைய அழற்சியோடு படுத்திருக்கும் ஒரு விவசாயியிடம் நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். தாளில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் சீன மொழியில்தான் இருக்கிறது. எழுத்துப்பிழை கிடையாது. ஆனாலும் அவர் கொடுக்கும் பதில் தவறான மதிப்பெண்ணைத் தரலாம். அந்த மதிப்பெண்ணை நம்பி மருத்துவர்கள் அறுவை சிகிச்சை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்கலாம்.

அதனால்தான் ஒரு மருத்துவக் கேள்வித்தாளை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இரண்டு நாளில் முடித்துக் கொடுக்கும் வேலையாக இருப்பதில்லை. அதற்கென்று தனி முறையே இருக்கிறது. கணைய வலிக்கான கேள்வித்தாளைச் சீனத்துக்குக் கொண்டுபோகும்போது என்னென்ன சிக்கல் வரும், அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

கணையத்தில் என்ன நடக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பதும், இன்சுலினைச் சுரப்பதும் இதன் இரண்டு முக்கிய வேலைகள்.

இந்த உறுப்பில் அழற்சி திரும்பத் திரும்ப வந்தால், மென்மையான திசு மெல்ல மெல்லத் தழும்பாக மாறும். கணையக் குழாயில் கல் உண்டாகும், குழாய் அடைக்கும். பிறகு செரிமானம் கெடும், எடை குறையும், சர்க்கரை நோயும் சேர்ந்துகொள்ளும். இதுதான் நாள்பட்ட கணைய அழற்சி. மது, புகை இரண்டும் பெரிய காரணங்கள். மரபணுவுக்கும் பங்கு உண்டு. சீன நோயாளிகளில், குறிப்பாகக் காரணம் பிடிபடாமல் நோய் வந்தவர்களில், ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் அதிகம் காணப்படுகிறது. ஷாங்காயின் சாங்ஹாய் மருத்துவமனை இந்த நோயை ஆராய்வதிலும், கணையக் கற்களை அதிர்வலை கொண்டு உடைப்பதிலும் பெயர் பெற்றது.

நோயாளியைப் பாடாய்ப் படுத்துவது வலி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஓடும். சாப்பிட்டால் கூடும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். 'சாப்பிட்டாத்தானே வலிக்குது, சாப்பிடாமலே இருந்துடுவோம்' என்று சோற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு.

ஸ்கேன் போதாதா?

போதாது. சி.டி. ஸ்கேனில் கணையம் முழுக்கக் கல்லாக இருக்கும், ஆனால் அந்த நோயாளிக்கு வலி குறைவாக இருக்கும். இன்னொருவருக்கு ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் வலியில் துடிப்பார். படத்தில் தெரியும் சேதத்துக்கும் நோயாளி உணரும் வலிக்கும் நேரடிக் கணக்கு பொருந்துவதில்லை என்பது இந்தத் துறையில் பலமுறை கண்டறியப்பட்ட விஷயம். ஆண்டுக்கணக்கில் வலியின் தகவல்களையே கடத்திக்கொண்டிருந்த நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் கூருணர்வு அடைந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். அதன் பிறகு கணையத்தைச் சரிசெய்தாலும் வலி முழுசாகப் போகாது.

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. வலிக்கு அப்படி எதுவும் இல்லை. நோயாளியின் சொல் ஒன்றுதான் அளவுகோல். அந்தச் சொல்லை ஒரே சீராகக் கேட்டு, எண்ணாக மாற்றும் கருவிதான் கேள்வித்தாள்.

அந்த எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடந்த 'எஸ்கேப்' ஆய்வு. முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்வது நல்லதா, எண்டோஸ்கோப்பி சிகிச்சையில் தொடங்கித் தேவைப்பட்டால் பிறகு அறுவைக்குப் போவது நல்லதா என்பதுதான் கேள்வி. 18 மாதங்களின் சராசரி வலி மதிப்பெண் அறுவை சிகிச்சைக் குழுவில் 37, மற்றக் குழுவில் 49 என்று வந்தது. மதிப்பெண் குறைந்தால் வலி குறைவு என்று பொருள். 2020இல் இந்த முடிவு வெளியானபோது, எப்போது கத்தியை எடுப்பது என்ற விவாதமே சூடுபிடித்தது. அந்த 37, 49 இரண்டும் ஸ்கேனிலிருந்தோ ரத்தப் பரிசோதனையிலிருந்தோ வந்தவை அல்ல. நோயாளிகள் கேள்வித்தாளில் கொடுத்த பதில்களிலிருந்து வந்தவை.

வலிச் சொற்களைச் சேகரித்த மனிதர்

வலியைச் சொற்களால் அளக்கலாம் என்ற எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் கனடாவின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக். 1950களில், நீரிழிவால் கால்களை இழந்த ஒரு முதிய பெண்மணி, இல்லாத கால்களில் உணர்ந்த வலியை விதவிதமான சொற்களால் விவரித்ததைக் கேட்டு அவற்றைக் குறித்துவைக்கத் தொடங்கினார். 1971இல் வாரன் டார்கர்சனுடன் சேர்ந்து 102 வலிச் சொற்களை வகைப்படுத்தினார். 1975இல், 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்த 'மெக்கில் வலி வினாப்பட்டியல்' வந்தது. 1987இல் அதை 15 சொற்களாகச் சுருக்கினார்.

மெல்சாக் காட்டிய முக்கியமான விஷயம், வலிக்கு அளவு மட்டும் இல்லை, குணமும் உண்டு என்பது. குத்துவது, எரிவது, துடிப்பது என்பவை உடல் உணர்வைச் சொல்பவை. பயமுறுத்துவது, சோர்வடையச் செய்வது, தண்டிப்பது போல் இருப்பது என்பவை மனம் படும் பாட்டைச் சொல்பவை. எரியும் வலி என்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். பயமுறுத்தும் வலி என்றால் அந்த நோயாளிக்கு மாத்திரையோடு மன ஆதரவும் தேவைப்படலாம்.

கணைய வலிக்கு ஏன் தனிக் கேள்வித்தாள்?

பொதுவான வலிக் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் 'இந்த நேரத்தில் எவ்வளவு வலி?' என்று கேட்கும். கணைய வலிக்கு அது மட்டும் போதாது. சிலருக்கு வலி வரும், போகும். நடுவில் வாரக்கணக்கில் நிம்மதி. சிலருக்கு எப்போதும் அடிவலி இருக்கும், அதன் மேல் திடீர் திடீரென்று உச்சம். வேறு சிலருக்கு ஒரே சீராக விடாத வலி. விடாத வலி உள்ளவர்களின் வாழ்க்கைதான் அதிகம் பாதிக்கப்படுகிறது என்று 2011இல் வெளியான ஒரு வட அமெரிக்க ஆய்வு காட்டியது. 'ரொம்ப வலிக்குதா' என்பதைப் போலவே 'விட்டு விட்டு வருதா, விடாமல் இருக்குதா' என்ற கேள்வியும் முக்கியம் என்று பொருள்.

இதற்காக நியூசிலாந்தின் ஆக்லாந்து மருத்துவர்கள் 'காம்பாட்' என்ற விரிவான கேள்வித்தாளை உருவாக்கினார்கள். பிறகு டென்மார்க், அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து அதைச் சுருக்கினார்கள். 'காம்பாட்-எஸ்.எஃப்' என்ற அந்தக் குறுவடிவம் 2022இல் மருத்துவ இதழில் வெளியானது. வலியின் கடுமை, வலி வந்துபோகும் விதம், வலியைத் தூண்டும் காரணங்கள், உடலில் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கும் வலி, வலியின் குணம் என ஐந்து பக்கங்களை அது தொடுகிறது. இந்த மாதிரி ஒரு கருவியைச் சீன நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்னும்போதுதான் மொழிச் சிக்கல் தலைதூக்குகிறது.

சீனத்தில் வலி எப்படி ஒலிக்கிறது?

சீன மொழியில் வலிக்கு அடிப்படையாக இரண்டு சொற்கள்: 'தெங்', 'துங்'. இரண்டையும் சேர்த்து 'தெங்-துங்' என்றும் சொல்வார்கள். இந்த அளவில் சிக்கல் இல்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் வலியைச் சொல்ல வேறு சில சொற்களும் வந்துவிடும்.

'சுவான்' என்றால் புளிப்பு. வேலை செய்து களைத்த தோளிலும் முதுகிலும் வரும் வலிக்கும் அதே சொல்தான். 'மா' என்றால் மரத்துப்போதல். சிச்சுவான் மிளகைக் கடித்தால் நாக்கில் வரும் உணர்வும் 'மா'தான். 'ஜாங்' என்றால் உள்ளே ஏதோ ஊதிப் பெருத்து அழுத்துவது போன்ற உணர்வு. 'மென்' என்றால் காற்றில்லாத அறையில் அடைத்துப்போட்டது போன்ற திணறல். இவை வலியா, வலி இல்லையா? ஆங்கிலத்தில் யோசித்தால் இவற்றில் பாதி வலிக்குள் வராது. சீன நோயாளிக்கு இவை அவர் படும் அவஸ்தையின் ஒரு பகுதி.

இதற்குப் பின்னால் பழைய மருத்துவ மரபும் இருக்கிறது. உடலில் ஓட்டம் தடைபட்டால் வலி, தடை நீங்கினால் வலி நீங்கும் என்பது சீன மருத்துவத்தின் அடிப்படைக் கருத்து. ஊதி அழுத்தும் வலி, ஊசி குத்தும் வலி, குளிர்ந்த வலி, எரியும் வலி, லேசாக மறைந்து நிற்கும் வலி என்று அது வலியை இனம் பிரிக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு காரணம் சொல்கிறது. அக்குபங்சர் ஊசி சரியான இடத்தில் இறங்கியதற்கு அடையாளமாகச் சொல்லப்படுபவையும் 'சுவான்', 'மா', 'ஜாங்' போன்ற உணர்வுகள்தான். நோயாளி 'ஜாங்' என்று சொல்லும்போது வெறும் வர்ணனை சொல்லவில்லை. தன் நோய் என்ன என்று தான் நினைப்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

எலி கொறித்தால் வலியா?

மெக்கில் குறும்பட்டியலில் 'நியாயிங்' என்று ஒரு சொல் உண்டு. எலி கொறிப்பது போல உள்ளிருந்து அரிக்கும் வலி. தமிழில் 'வயிறு கொறிக்குது' என்று யாரும் சொல்வதில்லை. 'குடையுது' என்றால் ஏறக்குறைய பக்கத்தில் வரும். சீனத்தில் பரவலாகப் புழங்கும் ஒரு வடிவத்தில் இது 'ஜியாவ்-துங்' ஆகியிருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவது போன்ற வலி என்று பொருள். கொறிப்பது முறுக்குவதாக மாறிவிட்டது. அதே வடிவத்தில் 'கனமான' வலி என்பது 'ஜாங்-துங்', அதாவது ஊதி அழுத்தும் வலி ஆகியிருக்கிறது. சீனர்கள் உண்மையில் சொல்லும் சொல் அது என்பதால் நோயாளிக்குப் புரியும். ஆனால் கனமும் ஊதலும் ஒன்றா?

இன்னும் கவனிக்க வேண்டியது 'சிக்கனிங்' என்ற சொல். குமட்ட வைக்கும் அளவு வலி என்பது அதில் அடங்கும். ஒரு சீன வடிவத்தில் இது 'சலிப்பு' என்ற பொருளில் வந்திருக்கிறது. இன்னொரு வடிவத்தில் 'நோயாளி போல் சோர்ந்துபோதல்' என்று வந்திருக்கிறது. இரண்டிலும் குமட்டல் காணாமல் போய்விட்டது. மூட்டுவலிக்காரருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. கணைய நோயாளிக்கு வலியும் குமட்டலும் கைகோத்து வருபவை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே விடுபட்டுப் போகிறது.

சில இடங்களில் மொழி கைகொடுக்கவும் செய்கிறது. 'தண்டிப்பது போன்ற கொடுமையான' வலி என்பதற்கு 'ஷோவ்-ட்ஸுவெய்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். எழுத்துப்படி பார்த்தால் 'குற்றத்தைச் சுமத்தல்'. பேச்சில் அதற்குப் பொருள் 'படாதபாடு படுதல்'. தண்டனையும் வேதனையும் ஒரே சொல்லில் ஏற்கெனவே இருக்கின்றன.

உடலின் இடங்களும் இப்படித்தான். 'ஷின்கோவ்' என்ற சொல்லை எழுத்துப்படி பிரித்தால் இதயத்தின் வாய். கிராமத்தில் ஒருவர் அங்கே வலிக்கிறது என்றால் பெரும்பாலும் நெஞ்சுக்குழி, அதாவது மேல்வயிற்றைத்தான் சொல்வார். நம்ம ஊரில் 'இடுப்பு வலி' என்றால் இடுப்பா, கீழ் முதுகா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறதே, அதே மாதிரி சீனத்தின் 'யாவ்' என்ற சொல்லும் இடுப்பையும் கீழ் முதுகையும் சேர்த்துக் குறிக்கும். கணைய வலி முதுகுக்கு ஓடுகிறதா என்று கேட்கும்போது இந்தக் குழப்பம் வரலாம். அதனால்தான் சொல்லை நம்பாமல் மனித உருவப் படத்தைக் கொடுத்து, 'வலிக்கிற இடத்தில் கோடு போடுங்கள்' என்று கேட்பது உதவுகிறது.

ஆறு படிகளில் ஒரு மொழிபெயர்ப்பு

இந்தச் சிக்கல்களைச் சமாளிக்க, உலகம் முழுவதும் அதிகம் பின்பற்றப்படும் வழிமுறை ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. பீட்டன் என்பவரின் தலைமையில் நான்கு ஆய்வாளர்கள் எழுதியது. அதற்கு முன் ஒரு வேலை: கேள்வித்தாளை உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு, சுருக்கமாகச் சொன்னால்:

முதல் படி: சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொருவருக்குத் தெரிந்திருக்கவே கூடாது. மருத்துவம் தெரிந்தவர் 'மேல்வயிற்று வலி' என்று எழுதும் இடத்தில், தெரியாதவர் அக்கம்பக்கத்தில் பேசும் சொல்லைப் போடுவார்.

இரண்டாம் படி: இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். எங்கே வேறுபட்டது, எதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: மூலத்தைப் பார்க்காத, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், சீன வடிவத்தைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்கள். 'கொறிக்கும் வலி' போய் 'முறுக்கும் வலி' திரும்பி வந்தால் இந்த இடத்தில் பிடிபட்டுவிடும்.

நான்காம் படி: மருத்துவர்கள், ஆய்வுமுறை வல்லுநர்கள், மொழி அறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் அலசுவார்கள்.

ஐந்தாம் படி: 30 முதல் 40 பேரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவதில்லை. 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன புரிஞ்சுது? ஏன் இந்தப் பதிலைப் போட்டீங்க?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

ஆறாம் படி: எல்லா ஆவணங்களையும் மூலத்தை உருவாக்கியவர்களிடமோ பொறுப்பான குழுவிடமோ காட்டி ஒப்புதல் பெறுவது.

இவற்றில் அதிகம் கற்றுத்தருவது ஐந்தாம் படி. பின்-மொழிபெயர்ப்பு சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிட முடியாது. விறைப்பான, எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்புதான் அச்சு அசலாகத் திரும்பி வரும். 'வயிறு கொறிக்குது' என்பதை ஆங்கிலமாக்கினால் அப்படியே 'நியாயிங்' வந்து நிற்கும். ஆனால் அந்தத் தமிழ் வாக்கியத்தை எந்த நோயாளியும் வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார்.

சொல் சரி, வாழ்க்கை வேறு

சில கேள்விகளில் சொல்லுக்குச் சிக்கலே இருக்காது. அந்தச் சொல் குறிக்கும் பழக்கம் அந்த நாட்டில் இருக்காது. இதற்குப் பேர்போன உதாரணம் 'எஸ்.எஃப்-36' என்ற உடல்நலக் கேள்வித்தாள். 'மிதமான வேலைகள்' என்பதற்கு அமெரிக்க மூலத்தில் பௌலிங், கோல்ஃப் ஆகியவை உதாரணமாக இருந்தன. சீன வடிவத்தில் அந்த இடத்தில் தை-சி பயிற்சியும் எளிய உடற்பயிற்சியும் வந்தன. மைல் கணக்கு மீட்டர் ஆனது.

கணைய நோயில் இப்படி முதலில் இடிக்கும் இடம் மது. மேலை நாட்டுக் கேள்வித்தாள்கள் 'எத்தனை டிரிங்க்' என்று கேட்கும். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். சீனாவில் 'பைஜியு' என்ற தானியச் சாராயத்தை 'லியாங்' கணக்கில் சொல்வார்கள். ஒரு லியாங் என்பது 50 கிராம். 50 சதவீத பைஜியு என்றால் ஒரு லியாங்கில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். 'ரெண்டு லியாங் குடிச்சேன்' என்பதை 'இரண்டு டிரிங்க்' என்று எழுதினால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அடுத்தது மருந்து. கணைய வலிக்கு நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள 'இஸ்பிக்கி மதிப்பெண்' நான்கு விஷயங்களைப் பார்க்கும்: வலி எத்தனை முறை வருகிறது, எவ்வளவு கடுமை, என்ன வலிமருந்து, எவ்வளவு காலம் வேலைக்குப் போக முடியவில்லை. மார்ஃபின் போன்ற வலுவான மருந்துக்கு அதிகப் புள்ளி, சாதாரண மாத்திரைக்குக் குறைந்த புள்ளி. மார்ஃபினைத் தாராளமாக எழுதும் நாட்டில் இது பொருந்தும். அபின் போர்களின் நினைவு பாடப்புத்தகத்தில் இருக்கும் சீனாவில், இவ்வகை மருந்துகளுக்குக் கட்டுப்பாடு கடுமை. அங்கே ஒருவர் தாங்க முடியாத வலியோடு சாதாரண மாத்திரையில் காலம் தள்ளலாம். மதிப்பெண் அவருக்கு 'வலி குறைவு' என்று காட்டும். வேலை நாள் கணக்கும் அப்படித்தான். மருத்துவ விடுப்பு எடுக்கும் அலுவலகக்காரருக்கு அது பொருந்தும். வலியோடு வயலுக்குப் போகும் விவசாயிக்கு 'வேலைக்குப் போகாத நாள்' என்று ஒன்று இருக்காது.

'பரவாயில்லை' என்ற பதில்

சீனத்தில் 'ரென்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். அந்த எழுத்தைப் பார்த்தால் மேலே கத்தியின் கூர்முனை, கீழே இதயம். கஷ்டத்தைத் தாங்குவதற்கு 'கசப்பைச் சாப்பிடுதல்' என்று பொருள்படும் 'ச்சி-கூ' என்ற சொல் உண்டு. அது பாராட்டாகச் சொல்லப்படுவது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இப்படி வளர்ந்த ஒருவரிடம் 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?' என்று கேட்டால், டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 'பரவாயில்லை, நாலு' என்று சொல்லக்கூடும். பக்கத்தில் மகன் நின்றால் இன்னும் குறைத்துச் சொல்லக்கூடும். அதனால்தான் கேள்வித்தாளை நோயாளியே நிரப்ப வேண்டுமா, செவிலியர் வாசித்துக் கேட்கலாமா, உறவினர் உடன் இருக்கலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்து எல்லாருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

வாசித்துக் கேட்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாண்டரினில் நான்குக்கும் பத்துக்கும் உச்சரிப்பு நெருக்கம்: 'ஸ்ஸ', 'ஷ்ஷ' என்ற வேறுபாடும் ஒலியின் ஏற்ற இறக்கமும்தான் பிரித்துக் காட்டும். தென் சீன வட்டாரப் பேச்சில் 'ஸ', 'ஷ' வேறுபாடு பலருக்கு வராது. இதை வைத்துச் சீனக் குழந்தைகளுக்கு நாக்குப் பிறழ் விளையாட்டே இருக்கிறது. பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவுகோலில் நான்கு என்றால் மிதமான வலி. பத்து என்றால் உச்சம். தொலைபேசியில் கேட்டு எழுதும்போது காது ஏமாந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே சீன வடிவம் எல்லாருக்கும் போதுமா என்பதும் கேள்விதான். சீன நிலப்பகுதியில் எளிமைப்படுத்திய எழுத்து, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபெழுத்து. பேச்சும் வேறு. 'பிரீஃப் பெயின் இன்வென்டரி' என்ற வலிப்பட்டியலுக்கு 1996இல் சீன வடிவம் வெளியான பிறகும், தைவானுக்கென்று 1999இல் தனி வடிவம் வந்தது.

தேறியதா என்று எப்படித் தெரியும்?

மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு அளவுகோலையே அளந்து பார்க்க வேண்டும். இதற்குக் கூடுதல் நோயாளிகள் தேவை. ஒரு கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்பது நடைமுறைக் கணக்கு.

முதலில் பார்ப்பது உள் ஒற்றுமை. ஒரே விஷயத்தைக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 1951இல் லீ கிரான்பாக் எழுதிய கட்டுரை பிரபலமாக்கிய 'ஆல்ஃபா' என்ற எண்தான் இதற்கு வழக்கமான அளவு. 0.7க்கு மேல் வந்தால் ஏற்கத்தக்கது என்பார்கள். 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது, திரும்பக் கேட்டால் அதே பதில் வருகிறதா என்பது. சில நாட்கள் அல்லது இரண்டு வாரம் இடைவெளி விட்டு அதே நோயாளியிடம் மீண்டும் கேட்பார்கள். கணைய நோயில் இங்கே ஒரு தலைவலி உண்டு. விட்டு விட்டு வலி வருகிறவருக்கு, முதல் நாள் உச்சத்திலும் இரண்டாம் முறை நிம்மதியிலும் கேட்டிருக்கலாம். பதில் மாறினால் தவறு கேள்வித்தாளிலா, வலியே மாறிவிட்டதா? 'இடையில் உங்கள் நிலையில் மாற்றம் உண்டா' என்று தனியாகக் கேட்டு, மாறாதவர்களின் பதிலை மட்டும் ஒப்பிடுவது இதற்கு வழி.

மூன்றாவது, ஏற்கெனவே சோதித்துத் தேறிய மற்றக் கேள்வித்தாள்களோடு ஒப்பிடுவது. புதிய தாளில் கடும் வலி என்று சொன்னவர், வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் தாளில் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொன்னால் எங்கோ இடிக்கிறது.

கடைசியாக வருவதுதான் கடினமான கேள்வி. ஷாங்காயில் 6 என்பதும் ஆக்லாந்தில் 6 என்பதும் ஒரே வலியா? இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. ஒட்டுமொத்த வலி ஒரே அளவில் உள்ள இரு நாட்டு நோயாளிகள் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் தொடர்ந்து வேறு பதில் சொன்னால், அந்தக் கேள்வி இரண்டு மொழிகளிலும் ஒரே பொருளைத் தரவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஆய்வாளர்களுக்கு ஓர் இழுபறி இருக்கிறது. 'ஜாங்' போல நோயாளிகள் அதிகம் சொல்லும் உணர்வுக்குத் தாளில் இடமில்லை என்றால் அதைப் புதிதாகச் சேர்க்கலாமா? சேர்த்தால் சீன நோயாளிக்கு நியாயம் செய்ததாகும். ஆனால் மற்ற நாட்டு முடிவுகளோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாமல் போகும். சேர்க்காவிட்டால் ஒப்பிடலாம், ஆனால் நோயாளி சொல்ல வந்தது தாளில் ஏறாது. பொதுக் கேள்விகளை அப்படியே வைத்து, உள்ளூர்ச் சொற்களை மதிப்பெண்ணில் சேராத தனிப் பகுதியாகக் கேட்பது ஒரு சமாதானம்.

நமக்கு என்ன?

நாள்பட்ட கணைய அழற்சி தென்னிந்தியாவுக்கும் பழக்கமான நோய். மதுவே தொடாத இளம் வயதினருக்கு கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் வருவதைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். சீனாவில் கைகாட்டப்படும் அதே ஸ்பிங்க்-1 மரபணுவில், வேறொரு மாற்றம் இங்குள்ள நோயாளிகளிடம் அதிகம். ஆகவே சீன ஆய்வாளர்கள் மோதிய அதே சுவரில் தமிழ் நோயாளிக்காகக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களும் மோதுவார்கள். 'பிசையுது' என்பதற்கும் 'குடையுது' என்பதற்கும் தனித்தனிக் கட்டம் வேண்டுமா? 'நெஞ்சு கரிக்குது' என்பதை எங்கே சேர்ப்பது? இதற்கெல்லாம் ஆங்கிலத் தாளில் விடை கிடையாது. நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினால்தான் கிடைக்கும்.

நோயாளிக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மருத்துவமனையில் இப்படி ஒரு தாள் கைக்கு வந்தால், 'ஏதோ ஃபார்மாலிட்டி' என்று வேகமாக டிக் அடித்துக் கொடுத்துவிட வேண்டாம். கேள்வி புரியவில்லை என்றால் கேட்கலாம். பட்டியலில் உள்ள எந்தச் சொல்லும் தன் வலிக்குப் பொருந்தவில்லை என்றால் அதையும் சொல்லலாம். வலி குறைவு என்று பெருந்தன்மையாகக் குறித்துக் கொடுத்தால், சிகிச்சையும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும்.